கன்று போடும் முன் நெஃபாவா, போட்ட பின் கீட்டோனா?

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு வைத்திருப்பவர்களுக்குக் கன்று போட்ட முதல் மாதம்தான் கண்டம். தீனி எடுக்காது, அசை போடாது, பால் இறங்கிவிடும். நான்காம் இரைப்பை காற்றடைத்து இடப்பக்கம் நகர்ந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். இந்த ஆபத்து வருமா என்று ரத்தத்திலேயே முன்கூட்டிப் பார்க்க இரண்டு வழி உண்டு. நான் இரண்டாவதையே வைத்துக்கொண்டேன்.

முதலாவது நெஃபா. மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும்போது ரத்தத்தில் கூடும் கொழுப்பு அமிலம் இது. ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும். ஈனும் முன்பே தெரிவது பெரிய வசதிதான்.

இரண்டாவது, ஈன்று மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை பார்க்கும் கீட்டோன். கரைந்த கொழுப்பிலிருந்து ஈரல் உண்டாக்கி ரத்தத்தில் விடும் பொருள் இது. மனிதர்களுக்கான கீட்டோன் மீட்டரே போதும். டாக்டர் வாலடி நரம்பில் எடுத்த ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தால் சில நொடியில் எண் வந்துவிடும். லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் போனால் கவனம் வேண்டும். மடி நரம்பில் எடுக்கக் கூடாது. மடி கீட்டோனை இழுத்துக்கொள்வதால் எண் குறைத்துக் காட்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது வெயிலும் தூரமும். நெஃபாவுக்கு ரத்தத்திலிருந்து சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சீக்கிரம் பிரித்து, ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். சூட்டில் கிடந்தால் எண் தானாக ஏறிவிடும். ஊசி போடும்போது மாடு மிரண்டு துள்ளினாலும் ஏறும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ச் சேரும் ரத்தத்தை எப்படி நம்புவது? அப்புறம், சினை ஊசி போட்ட தேதி கையில் இருந்தாலும் மாடு ஒரு வாரம் முந்திக்கொண்டால் பரிசோதிக்க வேண்டிய நாளே போய்விடும். கீட்டோனில் இந்தத் தொல்லை இல்லை. எண் தெரிந்த அன்றே டாக்டர் சொல்லும் அளவில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற, மாட்டுக்குச் சக்தி தரும் திரவத்தை வாய்வழி ஊற்றத் தொடங்கலாம்.

ஸ்ட்ரிப்புக்கும் வெயில் ஆகாது. 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் தகரக் கொட்டகையில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் மலிவு, ஆனால் அளவு துல்லியமாகத் தெரியாது.

ஜெர்சி கலப்பில் எனக்கு அனுபவம் குறைவு, எருமையில் பார்த்ததே இல்லை. நாற்பது ஐம்பது மாடு வைத்திருக்கும் பண்ணை என்றால் நெஃபாவை ஒதுக்க மாட்டேன். சினை முற்றிய பத்துப் பன்னிரண்டு மாடுகளில் பார்த்து, பலதிலும் எண் ஏறியிருந்தால் கோளாறு ஒரு மாட்டிடம் இல்லை, வற்றுக்காலத் (கறவை நிறுத்திய காலம்) தீவனத்தில் என்று பிடித்துவிடலாம். மூன்று நான்கு மாடு வைத்திருக்கும் நமக்கு அந்த வசதி கிடைக்காது.