பைராக்சீன் மாதிரிப் பெட்டி: கல்லில் குறையில்லை, சீட்டில்தான் கோளாறு

நிலவியல் மாணவர்களைக் குறிவைத்து இணையத்தில் விற்கும் கல் பெட்டிகளில் இது ஒரு வகை, பைராக்சீன் என்ற சிலிக்கேட் கனிமக் குடும்பத்தைக் காட்டுவதற்கானது. உள்ளே ஒன்பது துண்டுகள், அவற்றில் இரண்டு விண்கல். கூடவே, நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிதாகச் சீவிய கல்லைக் கண்ணாடியில் ஒட்டிய நான்கு தின் செக்‌ஷன் ஸ்லைடுகள். கற்கள் பெரும்பாலும் நல்ல தேர்வு. சீட்டு எழுதியவர்தான் காலை வாரிவிட்டார்.

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது சார்னோகைட் என்ற பாறை. புதிதாக உடைத்த முகம் கரும்பச்சை, எண்ணெய் தடவியது போல மினுக்கும். ஓரத்தில் வெயிலும் மழையும் தின்ற பழுப்புப் படலம் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டது நல்ல வேலை. லென்ஸில் பார்த்தால் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸுக்கு நடுவே பழுப்பு நிறப் பொட்டுகள் தெரியும். அவைதான் ஆர்த்தோபைராக்சீன் என்ற பைராக்சீன் வகை. அதிக வெப்பமும் மிகக் குறைந்த நீரும் இருந்த ஆழத்தில் உருவான கல் என்பதற்கு அதுவே சாட்சி. பின்னால் நீர் புகுந்தால் அந்தக் கனிமம் பயோடைட்டாகவோ ஹார்ன்பிளெண்டாகவோ மாறிவிடும். பல்லாவரம், பரங்கிமலைக் கல்லை வைத்துத்தான் நிலவியலாளர் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். இவ்வளவு இருந்தும் சீட்டில் ‘தென்னிந்தியா’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எந்தக் குவாரி என்று தெரியாத மாதிரிக்குப் பாதி மதிப்புதான். உள்ளிருக்கும் கனிமத்தை ‘ஹைப்பர்ஸ்தீன்’ என்று எழுதியிருப்பதும் பழைய வழக்கம். 1988இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் அந்தப் பெயரை நீக்கிவிட்டது. இப்போது என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெரோசிலைட்.

பெரிய தவறு ‘ஆகைட்’ என்று சீட்டு ஒட்டிய கறுப்புப் படிகத்தில். ஆகைட் ஒரு பைராக்சீன். இதுவோ ஆம்பிபோல் என்ற வேறு குடும்பத்து ஹார்ன்பிளெண்ட். கண்டுபிடிக்கப் பத்து மடங்கு லென்ஸும் மேசை விளக்கும் போதும். படிகத்தின் குறுக்குமுகத்தைப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். இரண்டு பிளவுத்தளங்கள் (கனிமம் இயல்பாகப் பிளக்கும் தளங்கள்) மாறிமாறிப் பளிச்சிடும். பைராக்சீனில் அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 87 பாகை, அதாவது கிட்டத்தட்டச் செங்கோணம். ஆம்பிபோலில் 56, 124. இதில் தெரிவது சாய்சதுரக் கோணம். உருவமும் காட்டிக்கொடுக்கிறது: ஆகைட்டின் குறுக்குவெட்டு பெரும்பாலும் எண்கோணம், இங்கே அறுகோணம். நிறத்தையும் கடினத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இரண்டும் கறுப்பு, கடினத்தில் இரண்டுமே மோஸ் அளவில் 5க்கும் 6.5க்கும் இடையில்தான்.

மலாவி நாட்டு மலோசா மலையிலிருந்து வந்த ஏஜிரின் என்ற பைராக்சீன் கம்பி கம்பியாக அழகு, முனையும் உடையவில்லை. இன்னொரு பைராக்சீனான பச்சை குரோம் டயாப்சைட் சின்னதுதான், ஆனால் சுத்தம். அதைக் கண்ணாடி என்று சந்தேகப்பட்டால் அடர்த்தி பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் முதலில் கல்லை நிறுக்க வேண்டும். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. 6.56 கிராம் கல்லுக்குத் தண்ணீரில் 2.00 காட்டினால் 3.28, டயாப்சைட்டுக்குப் பொருந்தும். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் நிற்கும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைவாக வரும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

தக்காணப் பசால்ட், டோலரைட் ஆகிய கறுப்புப் பாறைகள் இரண்டும் சாதாரணம். டோலரைட்டை எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை, ‘பிளாக் கிரானைட்’ என்று அடுப்படி மேடையில் பதிக்கும் கல்லில் நிறைய அதுதான். ஸ்போடுமீன் என்ற லித்தியப் பைராக்சீனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விட்டுப்போனது பெரிடோடைட், பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டிலின் பாறை. மேன்டிலின் மேற்பகுதியில் ஒலிவின் என்ற கனிமத்துக்கு அடுத்து அதிகம் இருப்பது பைராக்சீன்தான், அந்தக் கல் இல்லாமல் இப்படியொரு பெட்டியை எப்படித் தேற்றினார்கள் என்று புரியவில்லை.

ஸ்லைடுகளில் மூன்று சரி. சார்னோகைட் ஸ்லைடு தடிமன். 0.03 மி.மீ. இருந்தால் குறுக்குத் துருவணத்தில் (இரண்டு துருவணத் தகடுகளைக் குறுக்காக வைத்த நுண்ணோக்கியில்) குவார்ட்ஸ் சாம்பல், வெள்ளையோடு நிற்க வேண்டும், இதில் மஞ்சளடிக்கிறது. அதனால் ஆர்த்தோபைராக்சீனும் நிறம் ஏறி, ஆகைட் சேர்ந்த கிளைனோபைராக்சீன் வகை போல ஏமாற்றும். நிறத்தை நம்பாமல் நீளவாட்டு வெட்டில் அணைகோணம் (கனிமம் இருண்டுபோகும் கோணம்) பாருங்கள். பிளவுக்கோட்டுக்கு இணையாக இருண்டால் ஆர்த்தோ, 40 பாகை அளவுக்குச் சாய்ந்து இருண்டால் ஆகைட். ஒற்றைத் துருவணத்தில் மேடையைத் திருப்பும்போது இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் மாறிவந்தால் ஆர்த்தோ என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பெட்டி அட்டையில் செவ்வாய்க் கிரகப் படம். உள்ளே செவ்வாய்க் கல் ஏதுமில்லை. 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்ததைப் போன்ற பிஜியனைட், ஆகைட் என்ற பைராக்சீன்கள் நிறைந்த செவ்வாய் விண்கல்லை இந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். ஆனால் இருக்கும் இரண்டும் மோசமில்லை. ஒன்று 1931 ஜூன் 27 அன்று துனிசியாவில் விழுந்த ‘டட்டாவின்’ (Tatahouine) என்ற விண்கல், வெளிர்பச்சைத் துணுக்கு, ஏறக்குறைய முழுக்க ஆர்த்தோபைராக்சீன். உலோகம் இல்லாததால் காந்தம் இழுக்காது. இழுக்கவில்லையே, போலியோ என்று பயப்பட வேண்டாம். இந்த டயோஜெனைட் வகை வெஸ்டா சிறுகோளிலிருந்து வந்தவை என்பது இன்றைய கருத்து. அந்தச் சிறுகோளின் ஒளியில் 0.9 மைக்ரோமீட்டர் பக்கம் பைராக்சீன் உறிஞ்சும் பள்ளம் இருப்பதை 1970இலேயே பார்த்துவிட்டார்கள்.

மற்றது என்டபிள்யூஏ (வடமேற்கு ஆப்பிரிக்கா) 869, சிறு உருண்டைகள் நிறைந்த எல் வகைக் காண்ட்ரைட் விண்கல்லின் சீவல். மெருகிட்ட முகத்தைச் சாய்த்துப் பார்த்தால் உருண்டை ஒன்றில், ஓரத்துப் புள்ளியிலிருந்து பனையோலை விசிறி போல பைராக்சீன் இழைகள் விரிவது தெரியும். இதற்கு மட்டும் தண்ணீர்ச் சோதனை செய்யக்கூடாது. உள்ளே இரும்பு–நிக்கல் துகள்கள் இருக்கின்றன, ஈரம் பட்டால் பழுப்புக் கறை பரவும். வந்த பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் இல்லை. மூடி இறுகும் டப்பியில் ஜெல் பொட்டலத்தோடு மாற்றிவிடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் வந்த அன்றே.