யோ. யோஸ். ப்ரூம் ரீஸ்லிங்: திறந்ததும் மூக்கைச் சுளிக்க வேண்டாம்

யோ. யோஸ். ப்ரூம் என்ற ஜெர்மன் ஒயின் பண்ணையின் இளம் ரீஸ்லிங்கைத் (ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின்) திறந்தால் முதலில் பழ வாசம் வராது. தீக்குச்சி உரசியது போல கந்தக நெடிதான் அடிக்கும். கெட்டுப்போன பாட்டில் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நெடி ஒயின் செய்யும் முறையிலேயே இருந்து வருவது.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் வேலென் என்ற சிற்றூர். ஊர் ஒரு கரையில் இருக்க, அதற்குப் பேர் வாங்கித் தந்த செங்குத்துச் சரிவு எதிர்க்கரையில் நிற்கிறது. அங்கே 1842-ல் யோடோகுஸ் ப்ரூம் ஒரு சூரியக் கடிகாரம் கட்டினார். தோட்டத்துக்கே 'வேலெனர் சோனென்ஊர்' (வேலென் சூரியக் கடிகாரம்) என்று பெயராகிவிட்டது. 1911-ல் குடும்பச் சொத்து ஏழு பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது யோஹான் யோசெப் ப்ரூமின் பங்கில் பிறந்ததுதான் இந்தப் பண்ணை. இன்றும் குடும்பத்தின் கையில்தான். மன்ஃப்ரெட் ப்ரூமுக்குப் பின் மகள் கத்தரீனா நடத்துகிறார்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சோனென்ஊர் தோட்டத்தின் பெயர், பண்ணையின் பெயரல்ல. டாக்டர் லோசன் என்ற வேறு பண்ணைக்கும் அங்கே நிலம் உண்டு. எஸ்.ஏ. ப்ரூம் என்ற பண்ணை இதே குடும்பத்தின் இன்னொரு கிளை. லேபிளில் 'யோ. யோஸ்.' (Joh. Jos.) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரிவு முழுக்க நீலச் சிலேட்டுப் பாறை. மண் மெலிசு, பல கொடிகள் ஒட்டுப் போடாமல் சொந்த வேரில் நிற்பவை. இப்படிப்பட்ட மண்ணில் விளையும் சாற்றில் நைட்ரஜன் குறைவாக இருப்பதுண்டு. வாங்கிப் போட்ட ஈஸ்ட் இல்லாமல், தானாக வரும் ஈஸ்டிலேயே நொதிக்க விடுகிறார்கள். சத்துப் பற்றாத ஈஸ்ட் கந்தக வாயுவை வெளியிடும். காற்றுப் படாமல் வைப்பதால் அது அப்படியே ஒயினுக்குள் தங்கிவிடுகிறது. நொதிக்கையில் உண்டான கரியமில வாயுவும் கொஞ்சம் மிஞ்சுவதால் நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தும். காற்றுப் படாமல் வைப்பதும் இந்த வாயுவும் ஒயின் பல ஆண்டு தாங்க உதவுகின்றன. ஆகவே நெடியைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

கெட்டதா, நெடிதானா என்று சோதிப்பது எளிது. அகலமான ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கந்தக நெடி குறைந்துகொண்டே போய் வெள்ளைப் பீச் வாசம் மேலே வரும். கார்க் கெட்டிருந்தால் நேர்மாறு: நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் நேரம் ஆக ஆகத் தூக்கலாகும், அதற்கு மருந்தில்லை. கார்க் மேலே எழும்பியிருந்தாலோ, மூடியடியில் பிசுபிசுப்பு கசிந்திருந்தாலோ வழியில் வெயில் பட்டிருக்கலாம், வாங்காதீர்கள். அடியில் கண்ணாடித் துகள் போலப் படிவது டார்டாரிக் அமில உப்பு. அதனால் கெடுதலில்லை.

இனிப்பு எவ்வளவு என்பதை லேபிள் நேராகச் சொல்லாது, அதுதான் எரிச்சல். ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். 8, 9 சதவீதத்தில் நிற்கும் மோசல் ஒயின் என்றால் நொதித்தலைப் பாதியில் நிறுத்தி, மீதிச் சர்க்கரையை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் பண்ணையில் எல்லாமே அந்த வகைதான். இனிப்பில்லாத ரீஸ்லிங் வேண்டுமென்றால் வேறு பண்ணைக்குப் போங்கள். ஆனாலும் புளிப்பு வலுவாக இருப்பதால் கபினெட் என்ற லேசான வகை திகட்டாது. ஆல்கஹால் குறைவு என்பதால் மிளகாய்க் காரத்தையும் கிளறிவிடாது, இனிப்பு அதை அடக்கவே செய்யும்.

கபினெட், ஷ்பேட்லேசெ, அவுஸ்லேசெ என்பவை பறிக்கும்போது பழச்சாற்றில் இருந்த சர்க்கரையை வைத்துப் போட்ட படிகள், தரவரிசை அல்ல. தங்க நிற மூடி போட்ட அவுஸ்லேசெ இன்னும் தேர்ந்தெடுத்த பழத்திலிருந்து வருவது. மூடியின் நிறம் சட்டத்தில் வரையறுத்தது அல்ல, பண்ணையின் சொந்த அடையாளம். விலை சட்டென்று ஏறும்.

முதல் பாட்டிலுக்கு, இந்தப் பண்ணையின் இன்னொரு தோட்டமான கிராஹர் ஹிம்மெல்ரைஷின் கபினெட் போதும். மண் ஆழம் கூடுதல் என்பதால் வறண்ட ஆண்டிலும் கொடி சோர்வதில்லை. சோனென்ஊரின் நளினம் கொஞ்சம் குறையும், பணமும் குறையும். குளிர்ந்த 2021-இல் புளிப்பு கூர்மை, சூடான 2018-இல் பழச்சுவை தூக்கல். கபினெட்டை 5 ஆண்டாவது, ஷ்பேட்லேசெயை 10 ஆண்டாவது வைத்துத் திறப்பது நல்லது. பழையதில் லேசாகப் பெட்ரோல் வாசம் வரும், ரீஸ்லிங்கின் இயல்பு அது.

8 முதல் 10 டிகிரியில் பரிமாறுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் தெரியும். மிச்சத்தைக் கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். இளசாகத் திறந்த கபினெட் முதல் நாளைவிட இரண்டாம் நாளில்தான் நன்றாக இருக்கும்.