குத்தாலத்திலிருந்து உள்ளே: பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகலாமா?

அக்கா மகனுக்கு மாயவரத்தில் வங்கி வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. "மாமா, உங்க ஊர்லேருந்து பஸ்ஸை நம்பி வேலைக்குப் போயிட்டு வர முடியுமா, இல்ல வண்டி எடுத்துடட்டுமா?" என்று போனில் கேட்டான். "வண்டி எடுத்துடு" என்றேன். அந்தப் பதிலை மாற்றப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விட்டால் எங்கள் ஊர் பஸ்ஸுக்குப் பெரிய அநியாயம் செய்ததாகிவிடும். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மாயவரம் என்று போகிற மெயின் ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் மாறி மாறி வரும். ஒன்றை விட்டால் அடுத்தது. 1982-லேயே மயிலாடுதுறை என்று பெயர் மாற்றியாகிவிட்டது, 2020 டிசம்பரில் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. படிக்கட்டில் நிற்கிற கண்டக்டர் இன்னும் "மாயரம், மாயரம்" என்றுதான் கூப்பிடுகிறார். நம் கதை குத்தாலத்தில் இறங்கி உள்ளே திரும்புகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊருக்கு ஒரு நைட் ஹால்ட் பஸ் உண்டு. இந்தத் தடத்தில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ராத்திரி ஒன்பதரை வாக்கில் கடைசி ட்ரிப்பாக வந்து ஆட்களை இறக்கிவிட்டு, பிள்ளையார் கோயில் பக்கத்துப் பூவரச மரத்தடியிலேயே நின்றுவிடும். டிரைவர் இருட்டில் ரிவர்ஸ் எடுத்து, பஸ்ஸின் முகம் ரோட்டைப் பார்க்கும்படி திருப்புவார். கண்டக்டர் வாய்க்கால் மதகு ஓரமாக இறங்கி நின்று, பின் டயர் கரையைத் தொடுகிற வரைக்கும் விசில் கொடுத்துக்கொண்டே இருப்பார். அப்புறம் உள்ளே ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு ட்ரிப் ஷீட் எழுதுவார். பத்து ரூபாய்த் தாள்களைத் தனியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார், சில்லறையை எண்ணி முடிச்சுப் போடுவார், தோல்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மூன்று பேர் சீட்டில் காலை மடக்கிப் படுத்துவிடுவார். டிரைவருக்குக் கடைசி நீள சீட்டு.

இதன் அருமை காலையில்தான் தெரியும். ஐந்தே முக்கால் ட்ரிப் தாமதமாக வழியே இல்லை. டெப்போவிலிருந்து வரவேண்டிய பஸ் என்றால் வழியில் ரயில்வே கேட் போட்டிருப்பார்கள், டயர் பஞ்சராகும், ஆள் வராமல் ட்ரிப்பே ரத்தாகும். இங்கே பஸ்ஸும் ஆட்களும் எங்கள் ஊரிலேயே படுத்து எழுந்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழையிலும், வயலும் ரோடும் ஒரே மட்டத்தில் தண்ணீராக நிற்கிற நாளிலும், அந்த பஸ் இருக்கிறதா என்று வாசலில் வந்து பார்த்தாலே போதும். பால்கேன் ஏறும், கீரைக்கட்டு ஏறும், கும்பகோணத்து ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள் ஏறுவார்கள், நடவுக்குப் போகிற கூட்டம் ஒன்று பாதி வழி வரை ஏறும். கண்டக்டர் இரட்டை விசில் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை தெருவைப் பார்ப்பார். "டீச்சரம்மா இன்னும் வரலையே?" என்பார். யாராவது ஒரு பையன் ஓடிப்போய்க் கூட்டிவருவான். நேரப்படி ஓடுகிற பஸ் நமக்காக ஒரு நிமிடம் நிற்கவும் செய்கிறது என்றால், அதற்கு மேல் ஒரு பயணி என்ன கேட்டுவிட முடியும்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் இந்த ட்ரிப்பின் கூட்டமே மாறிவிட்டது. அதற்கு முன்னால் மாயவரத்துக்கு வாரத்தில் ஒரு தடவை போன பாட்டிகள்கூட இப்போது நினைத்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கையில் ஒரு பூஜ்ய ரூபாய் டிக்கெட். கணவனிடமோ பிள்ளையிடமோ பஸ் காசு கேட்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று என் அம்மாவைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

இப்படி உள்ளே வருகிற பஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கொடிகட்டிப் பறந்த பஸ் கம்பெனிகள் இரண்டு. கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன். பொறையாற்றில் சத்தி விலாஸ். இரண்டும் கும்பகோணம்–காரைக்கால் தடத்துக்காகக் கோர்ட்டில் மல்லுக்கு நின்றன. ஐந்து பஸ்ஸுக்கான பெர்மிட் யாருக்கு என்பதுதான் வழக்கு. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் கொடுக்கவேண்டியது போக்குவரத்து அதிகார சபை. ராமன் அண்ட் ராமனுக்கே பெர்மிட் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சத்தி விலாஸ் முதலாளி வீரப்ப பிள்ளை டெல்லி வரை போனார். 1952-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதிகார சபை செய்யவேண்டிய வேலையை ரிட் மனுவின் பேரில் உயர் நீதிமன்றமே எடுத்துச் செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உயர் நீதிமன்றங்களுக்கு ரிட் அதிகாரம் கொடுக்கிற அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவைப் படிக்கிற சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். நம் ரோட்டில் ஓடிய ஐந்து பஸ்! அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1954 நவம்பரில்தான் அது இந்தியாவிடம் வந்தது. ஆக, அந்தச் சண்டை இன்னொரு தேசத்து எல்லையைத் தொடுகிற பஸ்ஸுக்கு நடந்த சண்டை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவ்வளவு பெரிய சண்டையும் மெயின் ரோட்டுக்காக நடந்தது. கூட்டம் அங்கே, வசூல் அங்கே. அதில் முதலாளிகளைக் குறை சொல்ல முடியாது. டீசலும் டயரும் சம்பளமும் டிக்கெட் காசிலிருந்துதான் வரவேண்டும். 1972-இல் கருணாநிதி ஆட்சியில் பெரிய தனியார் கம்பெனிகளின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. அதற்குப் பிறகுதான் வசூல் குறைந்த உள்கிராமத் தடங்களுக்கும் பஸ் பரவலாக வந்தது. மெயின் ரோட்டில் வருவதை வைத்து உள்ளே போவதைச் சரிக்கட்டினார்கள். பூவரச மரத்தடியில் நிற்கிற பஸ் அந்தக் கணக்கில் வந்த பஸ்.

பெயர்க் கதையும் ஒன்று உண்டு. பின்னால் கழகங்கள் பிரிந்துகொண்டே போயின. திருச்சிக்குத் தீரன் சின்னமலை வந்தது. நம் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் எங்கேயோ வேலூர்க் கழகத்துக்குப் போனது. பெயர்களை வைத்துச் சாதிக் கலவரம் வரைக்கும் போகவே, 1997-இல் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயராக்கினார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் அது இன்னும் சோழன் பஸ்தான்.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வண்டி வாங்கச் சொன்னேன்? சாயங்காலத்தால்.

காலையில் கூட்டிப்போகிற பஸ் ஒன்பதரைக்குத்தான் திரும்பி வரும். நடுவில் குத்தாலத்திலிருந்து உள்ளே வர நாங்கள் நம்புவது ஒரு மினி பஸ்ஸை. 1997-இல் வந்த மினி பஸ் திட்டத்தின் நோக்கமே பெரிய பஸ் போகாத இடத்துக்குச் சின்ன பஸ் போகவேண்டும் என்பதுதான். இந்த பஸ்ஸுக்கு ஏழு மணி ட்ரிப் ஒன்று பெர்மிட்டிலேயே இருக்கிறது. ஆள் சேர்ந்தால் கிளம்புவார்கள். சேராவிட்டால் கிளம்ப மாட்டார்கள். அதுவும் "இன்னைக்கு ட்ரிப் இல்லை" என்று வாய் திறந்து சொன்னால் நடந்தோ, யார் பின்னாலோ தொற்றியோ வந்துவிடலாம். சொல்ல மாட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், நாம் ஏறி உட்கார்ந்திருப்போம். திடீரென்று விளக்கை அணைத்து, "இறங்கிக்குங்க" என்பார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை அப்படி இறக்கிவிட்டதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? எட்டு மணிக்கு அந்தப் பெண் எங்கே நிற்பாள்?

அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்றான பிறகு, காசு கொடுத்து மினி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான்கு பேருக்காக டீசல் எரித்து, திரும்பும்போது காலியாக வருவது யாருக்கும் கட்டாது. அந்த டிரைவரும் தினக்கூலிக்காரர்தான், முதலாளி சொன்னதைச் செய்கிறார். இதெல்லாம் புரிகிறது. புரிந்துகொண்டே இரண்டரை மணி நேரம் ஸ்டாண்டில் நிற்கிறபோது மனசு நியாயம் பேச மாட்டேன் என்கிறது.

இதில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பயணி பார்க்கும்படி ஸ்டாண்டில் ஒரு பலகை கிடையாது. பெர்மிட்டில் நேரம் இருக்கிறது. ஒரு நிமிடம் முன்னே பின்னே எடுத்தால் கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு அந்த நேரம் அவர்களுக்கு முக்கியம். அந்தக் காலத்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனதும் அந்த உரிமைக்காகத்தான். காத்திருக்கிற நமக்கு மட்டும் அதைச் சொல்ல ஆளில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அவர் தெரிந்தவரைக்கும் சொல்வார், பாவம்.

வங்கியில் கணக்கு முடித்துக் கிளம்ப ஏழாகிவிடும் என்கிறான் பையன். அவனுக்கு அந்த மினி பஸ் கிடைக்காது. கிடைக்கிற நாளிலும் நம்ப முடியாது. வண்டிதான் வழி. தவணை கட்டவேண்டும், பெட்ரோல் போடவேண்டும், ஊர் எல்லையில் தடுப்புச் சுவர் இல்லாத மதகுத் திருப்பத்தில் பார்த்து ஓட்டவேண்டும். அப்படியும் வண்டிதான்.

ஆனால் இந்தக் கோபத்தை நைட் ஹால்ட் பஸ்ஸின் கணக்கில் யாரும் எழுதிவிடக் கூடாது. எல்லோரும் வண்டி வாங்கிக்கொண்டு போய்விட்டால் காலை ட்ரிப்பில் வசூல் இல்லை என்று பேச்சு வரும். இன்னொன்றும் இருக்கிறது. 2017 அக்டோபர் 20 விடியற்காலையில் பொறையாறு பணிமனையில் ஓய்வறைக் கூரை இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த எட்டு ஊழியர்கள் செத்துப்போனார்கள். பழைய கட்டடம். அன்றைக்குக் காலை பஸ்ஸை எடுக்கவேண்டியவர்கள் அவர்கள். நமக்கு ஐந்தே முக்காலுக்குப் பஸ் வேண்டுமென்றால், அதை எடுக்கிறவர்கள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்பது நம் கவலையாக இருக்கவேண்டாமா? எங்கள் ஊரில் அவர்கள் கொசுக்கடியில் சீட்டில் படுக்கிறார்கள். ஒதுங்குவதற்கு வாய்க்கால் கரைக்குப் போகிறார்கள்.

பஞ்சாயத்து நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. அதை ராத்திரியில் அவர்களுக்குத் திறந்துவிடவேண்டும். இரண்டு கட்டில், ஒரு ஃபேன், பக்கத்துக் கழிப்பறையின் சாவி. அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க மனு எழுதிவிட்டேன். டீச்சரம்மா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலை ட்ரிப்பில் போகிற பெண்களிடம் நாளையிலிருந்து வாங்கவேண்டும்.