மான்டரேயா, சான் பிரான்சிஸ்கோவா? பே ஏரியாவில் அக்வேரியத்துக்கு ஒரு நாள்

கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. ஒரு சனிக்கிழமை அக்வேரியம் போகலாம் என்று பேச்சு எழுந்தால், சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே சுற்றுவட்டாரமான பே ஏரியாவின் வீடுகளில் மூன்று பெயர்கள் அடிபடும். மான்டரே பே அக்வேரியம், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குள் இருக்கும் கலிபோர்னியா அகாடமி ஆஃப் சயன்சஸ், பியர் 39-இல் இருக்கும் அக்வேரியம் ஆஃப் த பே. மூன்றிலும் மீன் இருக்கிறது என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. மான்டரே முழுக்க முழுக்க ஒரே ஒரு வளைகுடாவைப் பற்றியது. அகாடமி ஓர் அறிவியல் அருங்காட்சியகம். அதன் கீழ்த்தளத்தில் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியம் இருக்கிறது. பியர் 39 சிறிய இடம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு முழு நாள் கையில் இருந்தால், வீட்டில் எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரம் காரில் உட்காரத் தெம்பு இருந்தால், மான்டரேதான். அரை நாள்தான் இருக்கிறது, அல்லது மடியில் கைக்குழந்தை என்றால் அகாடமி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர்.

மான்டரே

மான்டரே பே அக்வேரியம் 1984 அக்டோபர் 20 அன்று திறந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஹோவ்டன் என்ற மத்தி மீன் டப்பா ஆலை. கேனரி ரோ (டப்பா ஆலை வரிசை) என்று தெருவுக்கே பெயர் வரும் அளவுக்கு அங்கே இத்தகைய ஆலைகள் வரிசையாக நின்றன. 1940-களின் பிற்பகுதியில் மத்தி வரத்து சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் கடலின் மாற்றமும் சேர்ந்துகொண்டன. ஒவ்வோர் ஆலையாக மூடி, கடைசியில் 1970-களின் தொடக்கத்தில் ஹோவ்டனும் மூடியது. ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பேக்கர்டும் மனைவி லூசிலும் கொடுத்த பணத்தில் அதே இடத்தில் அக்வேரியம் எழுந்தது. நுழைந்ததும் ஆலையின் பழைய கொதிகலன்கள் நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலோர் நேராகக் கடல் நீர்நாயைத் தேடி ஓடிவிடுவார்கள். இரண்டு நிமிடம் அங்கே நின்று, இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் எதற்கு இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு பார்க்கப் போகும் எல்லாவற்றுக்கும் அது ஒரு பின்னணியைத் தரும்.

இந்த இடத்தின் உயிர் கெல்ப் காடு. கெல்ப் என்பது மரம்போல் உயர்ந்து வளரும் கடற்பாசி. 28 அடி உயரத் தொட்டி, மேலே கூரை கிடையாது. சூரிய ஒளி நேராக இறங்குகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தென்னந்தோப்பில் நின்று மேலே பார்ப்பது போல் இருக்கும்: மஞ்சள் கலந்த பச்சை, இடையிடையே ஒளிக்கீற்று, ஆட்டம். ராட்சத கெல்ப்புக்கு நீரோட்டம் வேண்டும். அசையாத நீரில் அது வாழாது. அதற்காகவே தொட்டியில் அலை எழுப்பும் இயந்திரம் இருக்கிறது, அதை உருவாக்கியதில் டேவிட் பேக்கர்டின் கையும் உண்டு. நீர் வெளியே இருக்கும் வளைகுடாவிலிருந்தே குழாய் வழியாக வருகிறது. பகலில் பார்வையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வடிகட்டுகிறார்கள். இரவில் வடிகட்டாமல் விடுகிறார்கள். அந்த நீரோடு நுண்ணுயிர்களும் குஞ்சுப் பருவ உயிர்களும் உள்ளே வந்து பாறையில் ஒட்டி வளர்கின்றன. அதனால் அந்தத் தொட்டியில் இருப்பதில் ஒரு பகுதி யாரும் கொண்டுவந்து வைத்ததல்ல, தானாக வந்து குடியேறியது.

நான் மான்டரேயை முன்னால் வைப்பதற்கு இதுவே காரணம். உள்ளே பார்த்த கெல்ப்பை, மாடத்துக்குப் போய் வெளியே திரும்பினால் கடலில் மிதப்பதாகவே பார்க்கலாம். அங்கே தொலைநோக்கிகளும் இருக்கின்றன. நாள் நன்றாக இருந்தால் கெல்ப் இலைகளை உடம்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து மிதக்கும் காட்டு நீர்நாய்களும் கண்ணில் படும். ஜூன், ஜூலையில் மான்டரே போனவர்கள் எல்லோரும் மூடுபனியைத் திட்டிக்கொண்டு திரும்புவார்கள். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்நீர்தான் மூடுபனிக்கும் காரணம், கெல்ப் இவ்வளவு செழிப்பதற்கும் காரணம், ஒரு காலத்தில் மத்தி கொழித்ததற்கும் காரணம். அதனால் ஆகஸ்ட் மாதமே ஆனாலும் பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர்.

கடல் நீர்நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியாவில் அழிந்தே போய்விட்டதாக ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிக் சர் கடற்கரையோரம் மிஞ்சிய சுமார் ஐம்பது விலங்குகளின் வம்சம்தான் இன்று அந்தக் கடலில் இருக்கும் ஏறக்குறைய மூவாயிரமும். அக்வேரியத்தில் இருப்பவை தாயைப் பிரிந்து கரை ஒதுங்கி, மீண்டும் கடலில் விட முடியாதவை. இவற்றில் பெண் நீர்நாய்கள், புதிதாகக் கரை ஒதுங்கும் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாயாகின்றன. கிளிஞ்சலை உடைப்பது, நீரில் மூழ்கி இரை தேடுவது எல்லாம் அவற்றிடமிருந்து கற்ற குட்டிகள் கடலுக்குத் திரும்புகின்றன. அருகிலிருக்கும் எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் நீர்நாய் எண்ணிக்கை கூடியதில் பாதிக்கு மேல் இப்படி விடப்பட்டவற்றாலும் அவற்றின் வாரிசுகளாலும்தான் என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காட்சிக்கு வைத்த விலங்கு, வெளியே கடலில் வாழும் தன் இனத்துக்கு நேரடியாக உதவுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓபன் சீ பகுதியில் தலைக்கு மேல் நெத்திலிக் கூட்டம் வட்டமடிக்கும். அதைத் தாண்டினால் 12 லட்சம் கேலன் தொட்டி. சூரை, சுறா, கடலாமை, மத்திக் கூட்டம் எல்லாம் அங்கே. உட்கார இடம் உண்டு, முட்டி வலி உள்ள தாத்தா பாட்டியை அங்கே அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார வைக்கலாம். 2022-இல் திறந்த ஆழ்கடல் பகுதி பெரியவர்களுக்குத்தான் அதிகம் பிடிக்கும். இருட்டும் குளிர்ச்சியும் சேர்ந்து சின்னக் குழந்தைகள் சிணுங்கலாம். அவர்களுக்குத் திருக்கையைத் தொட்டுப் பார்க்கும் குளமும் பெங்குவின்களும் போதும்.

அகாடமி

கோல்டன் கேட் பூங்கா அகாடமியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1853-இல் தொடங்கிய அமைப்பு. ஸ்டைன்ஹார்ட் அக்வேரியம் 1923-இல் வந்தது. இப்போதிருக்கும் கட்டடம் ரென்சோ பியானோ வடிவமைத்து 2008-இல் திறந்தது. கூரை முழுக்கச் செடி. உள்ளே ஒரே டிக்கெட்டில் கோளரங்கம், நான்கு அடுக்கு மழைக்காட்டுக் கோளம், நிலநடுக்க அனுபவ அறை, ஆப்பிரிக்கப் பெங்குவின், அக்வேரியம். மழைக்காட்டின் உச்சிவரை ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினால் நேராக அமேசான் வெள்ளக் காட்டுக்கு அடியில் போய் நிற்போம். அரபைமா மீன்கள் தலைக்கு மேல் நீந்தும். மரத்தின் உச்சியிலிருந்து அதன் அடியிலிருக்கும் நீர்வரை ஒரே தொடர்ச்சியாகக் காட்டும் இந்த யோசனை மான்டரேயில் கிடையாது.

கீழ்த்தளத்தின் பெருமை பிலிப்பைன்ஸ் பவளப்பாறைத் தொட்டி. 2,12,000 கேலன், 25 அடி ஆழம். மான்டரேயின் கெல்ப் காடு நம் ஊர்க்காரர்களுக்கு முற்றிலும் புதிய கடல். இந்தப் பவளப்பாறை அப்படியில்லை. கிளிமீன், கோமாளி மீன், கொம்புகொம்பாகக் கிளைவிடும் பவளம் இவற்றின் உறவினங்கள் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர்களை அழைத்துப்போனால் அவர்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். 1938-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெதூசலா என்ற நுரையீரல் மீனும் இந்த அக்வேரியத்தின் புகழ்பெற்ற குடியிருப்பாளர். மனிதர் வளர்ப்பில் இருக்கும் மீன்களிலேயே வயதில் மூத்தது என்று கருதப்படுகிறது. அத்திப்பழம் விரும்பிச் சாப்பிடும்.

குறை என்றால் ஒன்று: கவனம் சிதறும். கோளரங்கக் காட்சிக்கு நேரம் ஆகிவிட்டது, பெங்குவினுக்கு இரை கொடுக்கும் நேரம், மழைக்காட்டு வரிசை என்று ஓடிக்கொண்டே இருந்தால் மீன்களுக்கு முக்கால் மணி நேரம்கூட மிஞ்சாது. கடலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் கதவு திறந்ததும் முதலில் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். மற்றவர்கள் எல்லோரும் மழைக்காட்டு வரிசையில் நிற்கும்போது பவளப்பாறை முன் உங்களுக்கு இடம் கிடைக்கும். வசந்த காலத்தில் வாரநாள் காலையில் போனால் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் இருக்கும், பிற்பகல் தேவலை. குழந்தைகள் இல்லாத தம்பதிகளுக்கு வியாழன் மாலை, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமான நேரம் உண்டு.

பியர் 39

முதலிரண்டு இடங்களோடு போட்டி போடும் அளவுக்கு இது பெரிதல்ல. 1996-இல் திறந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் உயிர்களையே காட்டுகிறது: ஏழு செவுள் பிளவுள்ள சுறா, சிறுத்தைச் சுறா, திருக்கை, நெத்திலி. நடந்துபோகும் கண்ணாடிச் சுரங்கம் 300 அடி நீளம். தலைக்கு மேல் சுறா போவதைப் பார்க்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அதுவே பெரிய விஷயம். வெளியூர் விருந்தாளியோடு ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் பக்கம் எப்படியும் போகிறீர்கள், மழை வந்துவிட்டது என்றால் நுழையலாம். இதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். அங்கேயே படகுத்துறையில் படுத்துக் கத்திக்கொண்டிருக்கும் கடல் சிங்கங்களைக் காண டிக்கெட் தேவையில்லை. 1989 லோமா ப்ரீட்டா நிலநடுக்கத்துக்குச் சில மாதங்களில் அவை கூட்டமாக வந்து சேர்ந்தன, இன்னும் போகவில்லை.

போவதும் வருவதும்

சான் ஹோசேயிலிருந்து மான்டரே 75 மைலுக்குள்தான். 101-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, 156-ஆம் சாலையைப் பிடித்து, காஸ்ட்ரோவில்லில் ஒன்றாம் நெடுஞ்சாலையில் சேர வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கோடை வார இறுதியில் 156 திணறும், அதிலும் ஞாயிறு மாலை திரும்பும்போது. காலை எட்டு மணிக்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்பினால் பார்க்கிங்குக்கும் அலைய வேண்டாம். அக்வேரியத்துக்கென்று சொந்தப் பார்க்கிங் இல்லை, பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கட்டண நிறுத்தங்களைத்தான் நம்ப வேண்டும்.

அகாடமிக்குக் கார் இல்லாமலே போகலாம். சான் ஹோசேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரும் கால்ட்ரெயின் ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் வாசலிலேயே என்-ஜூடா ட்ராம். ஒன்பதாவது அவென்யூவில் இறங்கி நடந்தால் பூங்கா. 2024-இலிருந்து மின்ரயில் ஓடுவதால் பயணமும் முன்பைவிட வேகம். கார் ஓட்டத் தெரியாத பெற்றோர் வாரநாளில் பேரப்பிள்ளையைத் தனியாக அழைத்துப்போக வசதியான தேர்வு இது.

சாப்பாட்டுக்கு மான்டரேயில் நான் சொல்வது: புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். அக்வேரியத்திலிருந்து கடலோரப் பாதையில் ஒரு மைல் நடந்தால் பசிபிக் குரோவ் ஊரின் லவ்வர்ஸ் பாயிண்ட் புல்வெளி. நடக்க முடியாதவர்களைக் காரில் கொண்டுபோய் விடலாம். மீண்டும் உள்ளே வர வேண்டுமென்றால் வெளியேறும்போது வாயிலில் சொல்லிவிடுங்கள். அகாடமிக்கு எதிரிலேயே பூங்காவின் மரநிழலும் பெஞ்சுகளும் இருக்கின்றன.

செலவுக்கு வருவோம். மான்டரேயில் பெரியவர் ஒருவருக்கு 60 டாலருக்கு மேல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். அகாடமியில் நாளைப் பொறுத்து விலை மாறும், பொதுவாக மான்டரேயைவிடக் குறைவு. தாத்தா பாட்டியோடு ஆறு பேர் கிளம்பினால் மான்டரே கணக்கு நெஞ்சை உறுத்தும்தான். பெற்றோர் ஆறு மாதம் தங்குகிறார்கள், ஒரு முறைக்கு மேல் போவீர்கள் என்றால் தனித்தனி டிக்கெட்டுக்குப் பதில் குடும்ப உறுப்பினர் அட்டையைப் பாருங்கள். இரண்டாவது தடவையிலேயே பணம் தேறிவிடும், பொதுமக்களுக்கு முன்பாகவே உள்ளே போகும் வாய்ப்பும் கிடைக்கும். மான்டரேயில் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடு இணை இல்லை. அந்த நேரத்தைக் கெல்ப் காட்டுக்குக் கொடுங்கள், நீர்நாயை இரை கொடுக்கும் வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நேரப் பட்டியல் நுழைவாயிலிலும் இணையத்திலும் இருக்கும்.

திரும்பும் வழியில் நெரிசலாக இருந்தால் 156-இல் திரும்பாமல் இன்னும் மூன்று மைல் வடக்கே போய் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் காரை நிறுத்துங்கள். எல்க்ஹார்ன் ஸ்லூ கடலில் சேரும் இடம் அது. டிக்கெட் கிடையாது. மாலையில் காற்று பலமாக அடிக்கும், குழந்தைகளுக்குக் காது மூடும் தொப்பி வேண்டும். நீர்நாய்கள் கரைக்கு மிகப் பக்கத்திலேயே வரும். கிட்டப் போகவோ தின்னக் கொடுக்கவோ கூடாது, சட்டமும் அனுமதிக்காது.