லிஜ்ஜத் பாப்பட்: மெஸ் நடத்துகிறவளின் கணக்கு

சுட்டுச் சாப்பிடுவதற்கு லிஜ்ஜத்தின் மிளகு உளுந்துப் பாப்பட்டை மிஞ்சுகிற ஒன்று மும்பையில் எனக்கு இதுவரை அகப்படவில்லை. பொரித்துச் சாம்பார் சாதத்தோடு நொறுக்கிச் சாப்பிடுவதற்கு அதற்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் எங்கள் கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு. அம்பாசமுத்திரத்தில் பிறந்தவளிடம் வேறு தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள்.

ஆண்டாப் ஹில்லில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மதியம் சாப்பாடு, இரவு சப்பாத்தி. பாதிப் பேர் நேரில் வருவார்கள், மீதிப் பேருக்கு டப்பாவில் போகும். நம் ஊர்ப் பையன்கள் அப்பளம் கேட்பார்கள். மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும் சுட்ட பாப்பட் கேட்பார்கள். அதனால் என் அலமாரியில் இரண்டும் உண்டு. அப்பளம் வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். லிஜ்ஜத்துக்கு அந்த அலைச்சல் இல்லை, தெருமுனை மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது.

பாக்கெட்டைப் பிரித்ததும் பெருங்காயம் மணக்க வேண்டும். மணக்கிறது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டாக உடைத்த மிளகு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். நடுவுக்கும் ஓரத்துக்கும் கனத்தில் வித்தியாசம் தெரியாது. வட்டம் மட்டும் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் இருக்காது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். கையால் இட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சுடும்போது இடுக்கியால் பிடித்து ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் தொடங்கினால் ஓரம் பச்சையாகவே நின்றுவிடும். தீ பட்ட இடமெல்லாம் வெளுத்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும். அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் திரும்பாதீர்கள், கருகிவிடும். வாயில் போட்டால் முதலில் உளுந்து, பிறகு உப்பு, கடைசியில் தொண்டைக்குள் மிளகு. மோரும் சாதமும் இருந்தால் இது ஒன்றே போதும்.

பொரிப்பதென்றால் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அரைச் சூட்டில் போட்டால் எந்தப் பாப்பட்டும் எண்ணெய் குடிக்கும், இதுவும் குடிக்கும். ஜூலை மாதத்து மும்பையில் சுட்டதை டப்பாவில் வைத்து அனுப்பினால் போய்ச் சேரும்போது ஈரத் துணியாகத் துவண்டிருக்கும். அது காற்றின் குற்றம். மழைக்காலத்தில் நேரில் வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான் பாப்பட் என்று விதி வைத்துவிட்டேன்.

மெஸ் நடத்துகிறவளுக்கு ருசியைவிட மாறாத ருசி முக்கியம். இந்த வாரம் நன்றாக இருந்து அடுத்த வாரம் சப்பென்று இருந்தால், டப்பா திரும்பி வரும்போது கூடவே ஒரு புகார்ச் சீட்டும் வரும். லிஜ்ஜத்தில் அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. அந்தேரியில் நாத்தனார் வீட்டில் சாப்பிட்டாலும் அதே ருசிதான். இதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஏனென்றால் இதற்கென்று பெரிய தொழிற்கூடம் எதுவும் கிடையாது. 45,000-க்கு மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இடுகிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கட்டடத்து அக்கா. விழுப்புரம் பக்கத்துக்காரர், பல வருடமாக லிஜ்ஜத்துக்கு இடுகிறார். உளுந்து மாவு, பெருங்காயம், மிளகு எதையும் அவர் வாங்குவதில்லை. எல்லாவற்றையும் நிறுவனமே மொத்தமாக வாங்கிக் கிளைகளுக்கு அனுப்புகிறது. விடியும் முன்பே கிளையில் ஒரு குழு மாவு பிசைந்து வைத்திருக்கும். பெண்களை ஏற்றிச் செல்ல நிறுவனத்தின் பஸ் வரும். நேற்று இட்டு உலர்த்தியதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எடை போட்டு, தரம் பார்த்து, கூலியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றைய மாவை வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்கு அக்கா வீட்டில் இருப்பார்.

அவர் இடுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாவை எண்ணெய் தொட்டு நீளமாகத் திரட்டி, நூலை வைத்துச் சரக் சரக்கென்று துண்டு போடுகிறார். துண்டுகளை வரிசையாக வைத்தால் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியவில்லை. வலது கை குழவியை ஓட்ட, இடது கை விரல் நுனிகள் வட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. இட்டதைக் கவிழ்த்த மூங்கில் கூடைமேல் போடுகிறார். என் கையிலும் குழவியைக் கொடுத்தார். நான் இட்டதை அவரே சுட்டுச் சாப்பிட்டுவிட்டார், கிளைக்கு அனுப்பத் துணியவில்லை.

இந்த ஏற்பாடு முழுக்க 80 ரூபாய்க் கடனில் தொடங்கியது. 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் உட்கார்ந்து நான்கு பாக்கெட் பாப்பட் இட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அறுபது வருடம் கழித்தாவது கொடுத்தார்களே. கடன் கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டர். முதலில் இரண்டு தரத்தில் இட்டு, மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். அவர்தான் ஒரே தரம், அதுவும் நல்ல தரம், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்று அந்தப் பெண்களும் உறுதி எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் மழை வந்ததும் உலர்த்த வழியில்லாமல் நான்கு மாதம் வேலை நின்றது. மறு வருடம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில்மேல் பாப்பட், கட்டிலுக்கு அடியில் ஸ்டவ். மும்பை மழையில் வடாம் போடப் பார்த்த எவருக்கும் அந்த யோசனையின் அருமை புரியும். இன்று விற்பனை ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் கேட்கும்போது என் பெரியம்மாதான் நினைவுக்கு வருகிறார். கல்லிடைக்குறிச்சியில் அவரும் அப்பளம் இட்டவர். மாவு முதலாளி வீட்டிலிருந்து வரும், நூறு அப்பளத்துக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளிக்கு ஒரு சேலை. அதே உளுந்து, அதே குழவி, அதே முதுகுவலி. முதலாளிக்கு வருடக் கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று பெரியம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. பக்கத்துக் கட்டடத்து அக்காவுக்கோ தினக்கூலி போக லாபத்திலும் பங்கு வருகிறது. மாவு பிசைகிறவர், இடுகிறவர், பாக்கெட் போடுகிறவர், நேற்று சேர்ந்தவர், இருபது வருடம் ஆனவர் என்று பார்க்காமல் சமமாகப் பிரிக்கிறார்கள். நஷ்டம் வந்தாலும் அப்படித்தான். சில வருடங்களில் பங்கைத் தங்கக் காசாகவே கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் 21 பேர், எல்லோரும் பாப்பட் வேலையிலிருந்து வந்த பெண்கள். ஆண்களுக்குச் சம்பள வேலை உண்டு, உறுப்பினர் இடம் கிடையாது. இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

என்னிடம் டப்பா வாங்குகிற மதுரைத் தம்பி ஒருவன் தேவனாரில் சமூகப் பணி படிக்கிறான். நான் அக்காவைப் பற்றிச் சொன்னதும், "இது யூனுஸ் சொன்ன இரண்டாவது வகை, அக்கா" என்றான். பங்களாதேஷில் 1976-இல் ஜோப்ரா கிராமத்து ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கத் தொடங்கி, 1983-இல் அதைக் கிராமீன் வங்கியாக்கி, 2006-இல் அந்த வங்கியோடு சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு வாங்கிய முகம்மது யூனுஸ்தான் அவன் சொன்ன ஆள். சமூகத் தொழிலை யூனுஸ் இரண்டாகப் பிரிக்கிறாராம். ஒன்று, போட்ட பணம் மட்டும் திரும்பி வரும், லாபத்தை யாரும் எடுக்காமல் தொழிலுக்குள்ளேயே விடுவது. பங்களாதேஷின் போக்ராவில் பிள்ளைகளுக்குச் சத்துத் தயிர் தயாரிக்கிற கிராமீன் டனோன் அந்த வகை. இன்னொன்று, தாராளமாக லாபம் பார்க்கலாம், ஆனால் சொந்தக்காரர்கள் ஏழைகளாக இருக்க வேண்டும். தம்பி விளக்கியது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வகைக்குப் பெயர் வைப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே கிர்காவ் மாடியில் அது நடந்துகொண்டிருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எங்கள் பகுதியில் குழுக் கடன் வாங்கி, தையல் மிஷினோ இட்லிக் கடையோ போட்டு, வாரத் தவணை நாளன்று அக்கம்பக்கத்தில் கைமாற்றுக் கேட்டு அலைகிறவர்களை நான் பார்க்கிறேன். வியாபாரம் படுத்தாலும் தவணை படுக்காது. லிஜ்ஜத்தில் சேருகிறவள் கையிலிருந்து ஒரு ரூபாயும் போட வேண்டாம். அவளுக்குக் கிடைப்பது மாவு. மறுநாள் காலையில் அது காசாகிவிடுகிறது. சந்தையைத் தேடுவது, விளம்பரம், சரக்குக் கொள்முதல் எல்லாம் நிறுவனத்தின் தலைவலி. கையில் ஒன்றும் இல்லாதவளை முதலாளியாக்குவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விதத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு தொண்டு அமைப்பு. ஏழைப் பெண்கள் இட்டது என்று அழகான அட்டைப்பெட்டியில் அப்பளம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டிமேல் ஒரு பெண்ணின் படம், அவள் பட்ட கஷ்டம் நான்கு வரியில். அப்பளம் பாதி விண்டிருந்தது, பொரித்தால் கசந்தது. அப்பளக்காரம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த மாதமும் வாங்கினேன், இரக்கத்தால். அதற்கடுத்த மாதம் வாங்கவில்லை. சாப்பிடுகிறவன் தட்டில் என் இரக்கத்தைப் பரிமாற முடியாது. லிஜ்ஜத் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், யாருடைய கண்ணீரும் அதில் இல்லை. அவர்களுடைய பழைய டிவி விளம்பரத்தில்கூட ஒரு முயல் பொம்மை சிரித்துக்கொண்டு கர்ரம் குர்ரம் என்றுதான் தின்றது.

அதற்காக இது எல்லா வறுமைக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். இட்டுக்கொண்டு மட்டும் ஒரு குடும்பம் மும்பையில் வாடகை கொடுத்துப் பிழைக்க முடியாது என்று அக்காவே சொல்கிறார். வீட்டில் இன்னொரு வருமானம் வேண்டும். உலர்த்தச் சுத்தமான இடமும் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் கூடையைக் கவிழ்க்க எங்கே போவது? அப்படிப்பட்டவர்களுக்குக் கிளையிலேயே மாவு பிசையவும் பாக்கெட் போடவும் வேலை கொடுக்கிறார்கள். அது நல்லது, ஆனால் எத்தனை பேருக்குத்தான் அந்த இடம் இருக்கும்? தோள்பட்டை வலிக்கு யாரும் பங்கு போட முடியாது. சமையலும் துவைப்பதும் குறையாமல் அதன் மேல்தான் இந்த வேலை ஏறுகிறது. மெஷின் வைத்தால் வலி போய்விடும், கூடவே வேலையும் போய்விடும். கையால்தான் என்று அவர்கள் நிற்பது அதனால்தான்.

இனி வாங்குகிறவர்களுக்கு. எடை போட்டு விற்கிற பெயரில்லாத பாப்பட்டைவிட விலை கூடுதல்தான். அப்பளம், பாப்பட் எதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. வட்டமா சதுரமா என்ற பேதமும் இல்லை என்று 2021-இல் அரசே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ஆகவே வரி என்று சொல்லி யாராவது கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள். மிளகு உளுந்து வகைக்கு முதல் ஓட்டு. பாசிப்பயறு மெலிதாக இருக்கும், காய்ச்சல்காரர்களுக்குச் சுட்டுக் கொடுக்கலாம். பஞ்சாபி மசாலா இரவுச் சப்பாத்திக்கு எடுபடுகிறது, ரசத்துக்கு ஒட்டவில்லை. பூண்டு வகையை என் மெஸ்ஸில் பாதிப் பேர் ஒதுக்கிவிட்டார்கள், மீதிப் பாதிப் பேர் இரண்டாவது கேட்டார்கள். பிரித்த பாக்கெட்டை மழைக்காலத்தில் மூடி இறுகிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாம்பார் சாதத்துக்கு மட்டும் மாட்டுங்கா வரை ஒரு நடை போய் நம் ஊர் அப்பளத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.