மயிலாப்பூரில் மூன்று மாதம் வாடகைக்கு ஒரு வீடு

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, கும்பகோணத்திலிருந்து அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து, மருத்துவமனைக்கு அருகிலேயே மூன்று மாதம் தங்கவைப்பது என்று வீட்டில் பேசி முடித்தோம். நான் சிங்கப்பூரில் குடியேறி 22 ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறைக்கு வந்து உறவினர் வீடுகளில் தங்கிப் போயிருக்கிறேனே தவிர, சொந்த ஊர்ப்பக்கம் என் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்ததே இல்லை. முதல் முறையாக மயிலாப்பூரில் அதைச் செய்தேன். பெற்றோரின் சிகிச்சைக்காகவோ கவனிப்புக்காகவோ சில மாதங்கள் வந்து தங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தேடும் காலம் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் கச்சேரிகளுக்காக வெளிநாடுகளிலிருந்து வருபவர்கள் டிசம்பர் முழுவதும் மயிலாப்பூரையும் மந்தைவெளியையும் சுற்றியே வீடு பிடிக்கிறார்கள். நாற்காலி, கட்டிலுடன் கூடிய வீடுகளுக்கு அந்த மாதத்தில் சொல்லப்படும் வாடகை வேறு. பொங்கல் கழிந்தபின் சொல்லப்படும் வாடகை வேறு. டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் பேசியபோது கிடைக்கவே கிடைக்காது என்ற தரகர், ஜனவரி மூன்றாம் வாரம் நேரில் போனபோது இரண்டு நாளில் ஆறு வீடுகளைக் காட்டினார்.

இன்னொன்றையும் நேரில் போன பிறகே உணர்ந்தேன். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணியில் திருமயிலை நிலையம் பூமிக்கு அடியில் மிக ஆழமாகக் கட்டப்பட்டு வருவதால், லஸ் முனையையும் கச்சேரி சாலையையும் ஒட்டிய தெருக்களில் பாதை மாற்றமும் தூசியும் இயந்திர ஓசையும் அன்றாடம் உண்டு. இணையத்தில் படம் பார்த்து முன்பணம் அனுப்பியிருந்தால், மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

எனக்கு வேண்டியிருந்த வீட்டின் இலக்கணம் சிறியது: லிஃப்ட் அல்லது தரைத்தளம், மேற்கத்தியக் கழிப்பறை, வாக்கர் நுழையும் அளவுக்கு அகலமான குளியலறைக் கதவு. முதல் இரண்டும் எளிதில் கிடைத்தன. ஆனால், பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் குளியலறைத் தண்ணீர் வெளியே வராமல் இருப்பதற்காகத் தரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். வாசலில் ஒரு பட்டியக் கல் வேறு குறுக்கே கிடக்கும். நான் கையோடு கொண்டுபோன அளவு நாடாவை வைத்துப் பார்த்ததில், ஒரு வீட்டில் அந்தப் படி ஐந்து அங்குலம். இன்னொன்றில் கதவின் அகலமே 24 அங்குலம். அம்மாவுக்கு நடக்கப் பயிற்சி தரப்போகும் பிசியோதெரபிஸ்டிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததால்தான் அளந்தேன். வீடு பார்க்கப் போகிறவர்கள், வரவேற்பறையின் வெளிச்சத்தையும் சமையலறை மேடையையும் பார்ப்பதற்கு முன் குளியலறை வாசலில் குனிந்து பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு வீடுகளில் இரண்டு, அளவு நாடாவை எடுக்கும் முன்பே கைநழுவிப் போயின. ஒன்றில் சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டுமே இடம் என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்குத் தினமும் இரண்டு முட்டை தர வேண்டும் என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்த தாளைக் காட்டினேன். வீட்டுக்கார அம்மையார் தாளைப் படித்துவிட்டு, மருத்துவமனை கேன்டீனிலேயே வைத்துக் கொடுத்துவிடுங்களேன் என்று அன்பாகவே சொன்னார். அவருடைய சமையலறையில் முட்டை வேண்டாம் என்பது அவர் உரிமை. ஆனால் வாடகை வாங்கிக்கொண்டு பூட்டுச் சாவியைக் கொடுத்த பிறகும் அது அவருடைய சமையலறைதானா என்ற கேள்வி எனக்கு இன்றுவரை தீரவில்லை.

இரண்டாவது வீட்டுக்கு வாடகை, தேதி எல்லாம் முடிவாகிவிட்டன. அன்று மாலை தரகர் அழைத்தார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரர் கேக்கச் சொன்னார். நீங்க என்ன ஆளுங்க?” என்றார். அதற்குப் பதில் சொல்லி எடுக்கும் வீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். சிங்கப்பூருக்குப் போன புதிதில், இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அறை நண்பர்கள் மூவரும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே அது அயல் நாடு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். கும்பகோணத்திலிருந்து வந்து கட்டிலில் படுத்திருந்த அம்மா, “என்னப்பா, அந்த வீடு என்ன ஆச்சு?” என்று கேட்டபோது, கதவு குறுகலாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். என் மனத்தை இந்தப் பயணத்தில் மிகவும் வருத்தியது அந்தப் பொய்தான்.

வீட்டுக்காரர்களின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றம் போனவர்கள் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறார்கள். அதனால் நம்பகமான ஆள் என்று அவர்கள் நினைப்பவருக்கே வீடு தருவது பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்படாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். நான் பார்த்த ஆறு வீடுகளின் உரிமையாளர்களில் ஒருவருக்கு மட்டுமே இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிந்திருந்தது. தரகர், பத்து மாத அட்வான்ஸ் என்பதையே சென்னையின் சட்டம்போலச் சொன்னார்.

கடைசியில் அமைந்தது, இராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முதல் தளத்தில் லிஃப்ட்டுடன் கூடிய இரண்டு படுக்கையறை வீடு. வாடகை மாதம் 35,000 ரூபாய். ஓய்வுபெற்ற உரிமையாளரும் அவர் மனைவியும் அதே கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தார்கள். மூன்றரை லட்சம் முன்பணத்தில் தொடங்கிய பேச்சு, சட்டத்தின் அந்தப் பிரிவைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டியதும் 1,05,000 ரூபாயில் நின்றது. அவர் அதைக் கோபமில்லாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துப் பார்த்தார். தரகருக்கு வழக்கப்படி ஒரு மாத வாடகை கொடுத்தேன். மூன்று மாதத் தங்கலுக்கு அது அதிகம்தான். சிங்கப்பூரில் வீட்டு முகவரின் கைப்பேசி எண்ணை அரசின் பதிவேட்டில் தட்டினால் அவர் பதிவு பெற்றவரா என்பது தெரிந்துவிடும். இங்கே நான் பார்த்த மூன்று தரகர்களிடமும் ரசீது கேட்டது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. வீட்டு உரிமையாளரும் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வருமான வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழுகிறது. மயிலாப்பூரில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை நான் இதற்காகவே தவிர்த்தேன். அடுத்து, வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்கவைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையவழியில் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். அவருடன் உட்கார்ந்து, என் கடவுச்சீட்டையும், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையையும் வைத்துக்கொண்டு விவரங்களை நிரப்பிக் கொடுத்தபின் தயக்கம் போய்விட்டது.

குடிவந்தபின் கிடைத்த சேவைகளைப் பற்றி நல்லதாகவே சொல்ல முடியும். பணம் செலுத்துவதில் சிக்கல் இருக்கவில்லை; வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கைச் சிங்கப்பூர் கைப்பேசி எண்ணுடனேயே யுபிஐயில் இணைக்க முடிவதால், வாடகை முதல் இளநீர் வரை கைப்பேசியிலேயே கொடுத்தேன். சமையல் எரிவாயுவுக்கு நிரந்தர இணைப்பு எடுக்க வேண்டியதில்லை. 5 கிலோ சிலிண்டர், அடையாளச் சான்று ஒன்றைக் காட்டினால் கிடைக்கிறது. குடிநீருக்கு 20 லிட்டர் கேன் மூன்றாம் தளம் வரை தோளிலேயே வருகிறது. குளிக்கவும் துவைக்கவும் வருவது நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் சேரும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரா என்பதை மட்டும் முன்பே கேளுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் சில கட்டடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது.

மின்கட்டணத்தில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். நான் தங்கியிருந்தபோது முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதற்கு மேல் படிப்படியாக விகிதம் ஏறும். நான் குடிவந்தது இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில். எனக்கு முன்பு டிசம்பரில் தங்கிப்போனவர்கள் ஓடவிட்ட ஏசி யூனிட்டுகள் என் கணக்கோடு சேர்ந்து, விகிதத்தை மேலே தள்ளிவிட்டன. நல்லவேளையாக முதல் நாளே மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து, பழைய யூனிட்டுகளுக்கான தொகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் வீட்டுக் குளியலறையிலும் மூன்று அங்குலப் படி இருந்தது. கட்டடக் காவலாளியிடம் இதைச் சொன்னபோது, மறுநாள் காலையிலேயே தனக்குத் தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார். தச்சர் அம்மாவின் வாக்கரை வாங்கி, அதன் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை விரலால் அளந்து, சரிவான ஒரு பலகையைச் செய்து, அடியில் ரப்பர் பட்டை ஒட்டிக் கொண்டுவந்து போட்டார். 1,200 ரூபாய் ஆயிற்று. கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவின்போது மாட வீதிகளில் வண்டி போகாது என்று ஒரு வாரம் முன்பே எச்சரித்தவரும் அந்தக் காவலாளிதான். அறுபத்து மூவர் ஊர்வலம் நடக்கும் நாளன்று பிசியோதெரபிஸ்டை நாங்கள் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டோம்.

காலி செய்யும் நாளில் நடந்தது என் கவனக்குறைவால் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள். தட்டச்சுக் கடையில் வைத்திருக்கும் வழக்கமான படிவத்தில், காலி செய்யும்போது பெயின்டிங்குக்காக ஒரு மாத வாடகை முன்பணத்தில் கழிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று புதிய சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஆனால் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் எழுதியதுதான் நிற்கும். நான் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தேன். பதிவு செய்யலாமா என்று நான் கேட்டதற்கு, “மூணு மாசத்துக்கு எதுக்கு சார்?” என்று வீட்டுக்காரர் சொன்னபோதும் சரி என்று விட்டிருந்தேன். மூன்று மாதத்தில் சுவர் என்ன அழுக்காகியிருக்கும் என்று அறை அறையாக அழைத்துப்போய்க் காட்டியபின், பாதி வாடகை கழித்தால் போதும் என்று அவர் மனைவி சொன்னார்; அவரும் ஒத்துக்கொண்டார். மீதி 87,500 ரூபாய் இருபத்தாறாம் நாள் என் கணக்குக்கு வந்தது.

பலகையைக் கும்பகோணத்துக்கு எடுத்துப்போகலாம் என்று காரில் ஏற்றச் சொன்னேன். மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்கார அம்மா, தனக்கும் முழங்கால் வலி தொடங்கியிருப்பதாகச் சொல்லி, அதை விட்டுப்போக முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா காவலாளியைக் கூப்பிட்டு, ரப்பர் பட்டை கீழே இருக்கும்படி எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாக்கர் இல்லாமல் கைத்தடியை மட்டும் ஊன்றிக் காரில் ஏறினார்.