அம்பாசிடர் தரைத் தகடு: கேஸ் வெல்டிங்கா, சிஓடூ வெல்டிங்கா?

உவரிப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற அம்பாசிடர் காரின் தரை விரிப்பைத் தூக்கினால் பல நேரம் சாலைதான் தெரியும். புதுத் தகடு போட்டே ஆக வேண்டும். எதைக் கொண்டு பற்றவைப்பது? ஆக்சிஜன், அசிட்டிலீன் சுடரால் உருக்கும் கேஸ் வெல்டிங்கா, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் மின்சாரத்தால் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் சிஓடூ வெல்டிங்கா?

வண்ணார்பேட்டைப் பக்கத்துப் பழைய டிங்கர் அண்ணாச்சிகள் கேட்டால் கேஸ் என்பார்கள். காரணம் உண்டு. கேஸ் பற்று மென்மையாக இருக்கும், சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். ஆனால் சூடு அகலமாகப் பரவும். ஒரு மில்லிமீட்டர் அளவுத் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். அடியில் பூசிய தார், ரப்பர் எல்லாம் புகையும், சமயத்தில் தீயே பிடிக்கும்.

சிஓடூவில் சூடு ஓரிடத்தில் நிற்கும். 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். ஒரே மூச்சில் இழுக்காமல், இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு இடைவெளியை நிரப்ப வேண்டும். பற்று கடினமாக இருப்பதால் கிரைண்டர் வேலை அதிகம். துருவின் மேல் வைத்தால் பிடிக்காது, பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். காற்றடித்தால் வாயு கலைந்து பற்றில் ஓட்டை விழும், ஆடி மாதத்தில் திறந்த பட்டறை சரிவராது.

தரைக்கு என் ஓட்டு சிஓடூவுக்கே. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, தரையும் பாரம் தாங்குகிறது. அதனால் எந்த முறையானாலும், வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாடி தொய்ந்து, அப்புறம் கதவு சாத்தாது. பெட்ரோல் டேங்கையும் கழற்றிவிடுங்கள்.